பிறந்த குழந்தை ராத்திரி எத்தனை தடவை எழுந்தால் சரி?

கேள்வி, மும்பை பக்கத்து டோம்பிவிலியிலிருந்து, ஜூலை 6

பொண்ணு பிறந்து மூணு வாரம் ஆகிறது. பகல் முழுக்கத் தூக்கம். ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை பால் கேட்கிறாள், சில சமயம் குடித்து முடித்து அரை மணியிலேயே மறுபடி. எதிர் ஃப்ளாட் ஆன்ட்டி, "உனக்குப் பால் பத்தலை, டப்பா பால் கொடு, விடியும்வரை தூங்குவா" என்கிறார். அம்மாவும் ஊருக்குப் போய்விட்டாள். இந்த வயசுக்குக் குழந்தை ராத்திரி எத்தனை மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்க வேண்டும்? பால் பத்துகிறதா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஜூலை 6, இரவு 11.20

தங்கச்சி, நான் செம்பூர், இரண்டு பிள்ளைக்கு அப்பன், டாக்டர் இல்லை. சின்னவன் இப்போதுதான் நடக்க ஆரம்பித்திருக்கிறான், அதனால் எல்லாம் ஞாபகத்தில் இருக்கிறது.

மூணு வாரக் குழந்தை ராத்திரி இத்தனை மணி நேரம் தொடர்ந்து தூங்கியாக வேண்டும் என்று கணக்கே கிடையாது. ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து 14 முதல் 17 மணி நேரம் தூங்கும். சில குழந்தைகள் இன்னும் கொஞ்சம் குறைச்சல், சில கூடுதல். ஆனால் அது துண்டு துண்டாகத்தான் வரும், இரண்டு மணி, மூணு மணி என்று. பால் 24 மணி நேரத்தில் 8 முதல் 12 தடவை, அதாவது இரண்டு மூணு மணி நேரத்துக்கு ஒருமுறை. வயிறு சின்னது, தாய்ப்பால் சீக்கிரம் செரித்துவிடும். பன்னிரண்டு தடவையில் பாதி ராத்திரியில் விழுந்தால் உங்கள் கதைதான்.

பால் பத்துகிறதா என்பதைத் தூக்கத்தை வைத்துச் சொல்லவே முடியாது. ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஒரு நாளைக்கு ஆறு துணியாவது நன்றாக நனைய வேண்டும். பிறந்தவுடன் கொஞ்சம் எடை இறங்கும். இரண்டு வாரத்துக்குள் பிறந்தபோது இருந்த எடை திரும்பி வந்துவிட வேண்டும், அதற்கப்புறம் தினம் 20 முதல் 30 கிராம் ஏற வேண்டும். இந்த இரண்டும் சரியாக இருந்தால் ஆன்ட்டியிடம் சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டு உள்ளே வந்துவிடுங்கள். எடை எவ்வளவு என்று எழுதுங்கள்.

ஜூலை 7, காலை

மேலே எழுதியதை மனைவி படித்துவிட்டு ஒரு திருத்தம் சொன்னாள். "இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை" என்றால் ஒரு தடவை ஆரம்பித்ததிலிருந்து அடுத்த தடவை ஆரம்பிக்கும்வரை. ஒன்பது மணிக்கு வாய் வைத்து ஒன்பதே முக்காலுக்கு விட்டால், அடுத்தது பதினொன்றுக்கு. நடுவில் அம்மாவுக்குக் கிடைப்பது ஒன்றேகால் மணி, அதிலும் ஏப்பம், துணி மாற்றுவது எல்லாம் போகக் கண்ணை மூட நாற்பது நிமிஷம். "இரண்டு மணி இரண்டு மணின்னு எழுதுறீங்க, கேட்கிறவங்க நாம சொகமா தூங்கினோம்னு நினைப்பாங்க" என்றாள். நியாயம்.

இன்னொன்று: இந்த 12 தடவை சமமாகப் பிரிந்து வராது. சாயங்காலம் ஆறிலிருந்து பத்துக்குள் அரை மணிக்கு ஒருமுறை கேட்கும், அப்புறம் மூணு மணி நேரம் சத்தமே இருக்காது. அரை மணியில் மறுபடி கேட்டதால் பால் வற்றிவிட்டது என்று அர்த்தமில்லை.

ஜூலை 8

டோம்பிவிலித் தங்கச்சி எடையை எழுதியிருக்கிறார்: பிறந்தபோது 2.8 கிலோ, இறங்கி, பன்னிரண்டாம் நாள் மறுபடி 2.8, நேற்று 3.05. ஒரு நாளைக்கு 27, 28 கிராம் வருகிறது. பால் பத்துகிறது. டப்பா வேண்டாம்.

ஆனால் பகல் தூக்கத்தைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட்டுவிட்டேன். எடை திரும்பாத குழந்தை, குறைமாதக் குழந்தை, மஞ்சள் காமாலை இருக்கும் குழந்தை தானாக எழட்டும் என்று விடக்கூடாது. பகலிலும் ராத்திரியிலும் இரண்டு மூணு மணிக்கு ஒருமுறை எழுப்பிக் கொடுக்க வேண்டும். காமாலையில் குழந்தை சோர்ந்து தூங்கும், தூங்குவதால் குடிக்காது, குடிக்காததால் காமாலை ஏறும். "எவ்வளவு சமத்தா தூங்குது பாரு" என்று வருகிறவர்கள் மெச்சும் குழந்தையைத்தான் நான் ஒரு தடவை கூடுதலாகத் தொட்டுப் பார்ப்பேன்.

எழுப்ப: துணியை மாற்றுங்கள், போர்வையை எடுங்கள், உள்ளங்காலை வருடுங்கள். முகத்தில் தண்ணீர் தெளிப்பது வேண்டாம்.

குழந்தை எழுப்பியும் குடிக்க மாட்டேன் என்றால், துவண்டு கிடந்தால், நிமிஷத்துக்கு 60-க்கு மேல் மூச்சு வாங்கினால், மூச்சில் நெஞ்சுக்கூடு உள்ளே குழிந்தால், வலிப்பு வந்தால், உள்ளங்கை உள்ளங்கால் மஞ்சளானால், உடம்பு சில்லிட்டுப் போனால், மூணு மாதத்துக்குள் 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் என்றால், இங்கே எழுதிக்கொண்டிருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரி. ராத்திரி இரண்டு மணி என்றாலும்.

ஜூலை 12

"தூக்கத்தில் முனகுகிறாள், நெளிகிறாள், முகம் சுளிக்கிறாள், திடீரென்று சிரிக்கிறாள், எடுத்துப் பால் கொடுத்தால் குடிக்காமல் தூங்கிவிடுகிறாள்" என்று டோம்பிவிலித் தங்கச்சி கேட்டிருக்கிறார். எங்கள் அம்மா இதற்கு ஒரே பதில்தான் சொல்வாள்: நரி விரட்டுது. கனவில் நரி வந்து பயம் காட்டினால் அழுமாம், பூ காட்டினால் சிரிக்குமாம்.

அவள் நரி என்று சொன்ன இடத்தில்தான் உறக்க ஆராய்ச்சி ஒன்று தொடங்கியது. 1950-களின் தொடக்கத்தில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் அசெரின்ஸ்கி என்ற மாணவர், தூங்கும் குழந்தைகளின் கண்ணிமைக்குக் கீழே விழி உருளுவதை மணிக்கணக்காகப் பார்த்துக் குறித்துக்கொண்டிருந்தார். பிறகு பெரியவர்களிடமும் அதைக் கண்டு, 1953-ல் தன் ஆசிரியர் கிளைட்மனோடு சேர்ந்து வெளியிட்டார். கனவுத் தூக்கம் என்று இன்று சொல்கிறோமே, அது.

பிறந்த குழந்தையின் தூக்கத்தில் ஏறக்குறைய பாதி இந்த வகை. பெரியவர்களுக்கு அந்த நேரத்தில் கைகால் அசையாது, குழந்தைக்கோ எல்லாம் அசையும், சத்தமும் வரும். ஒரு சுற்று ஐம்பது நிமிஷம்போல. சுற்றுக்கும் சுற்றுக்கும் நடுவில் அரைத் தூக்கமாக ஒரு "ங்ஙே". அந்த இடத்தில் நாம் பாய்ந்து தூக்கினால் தூங்குகிற குழந்தையை நாமே எழுப்பிவிட்டோம் என்று அர்த்தம். நான் மனசுக்குள் ஐம்பது எண்ணுவேன். அதற்குள் வாயைத் திறந்து தலையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் தேடினால், கையைச் சப்பினால், பசி. இல்லாவிட்டால் நரி.

ஜூலை 12, இன்னும் ஒன்று

ஐம்பது எண்ணும்போது முப்பதிலேயே நான் தூங்கிப்போனதும் உண்டு.

ஜூலை 18

பகலும் ராத்திரியும் மாறிக் கிடப்பதை எப்படித் திருப்புவது என்று மூணு பேர் கேட்டிருக்கிறீர்கள். முழுசாகத் திருப்ப முடியாது. வயிற்றில் இருந்தபோது அம்மா நடக்கும் ஆட்டத்திலேயே பகலெல்லாம் தூங்கிப் பழகியது. ராத்திரி இது என்று உடம்புக்குச் சொல்லும் மெலட்டோனின் குழந்தையிடம் ஒழுங்காகச் சுரக்க இரண்டு மூணு மாதம் ஆகும். தாயின் ராத்திரிப் பாலில் அது கொஞ்சம் வருகிறது என்பார்கள். நம்மால் முடிந்தது: பகலில் ஜன்னலைத் திறந்து வெளிச்சத்தில் போடுவது, மிக்சி ஓடட்டும், குக்கர் விசிலடிக்கட்டும். ராத்திரி ஜீரோ வாட் பல்பு, பேச்சு கிடையாது, கொஞ்சல் கிடையாது, மலம் போகாவிட்டால் துணிகூட அவசியத்துக்குத்தான் மாற்றுவது.

ஆனால் நான் எழுத நினைத்தது வேறு. இந்தக் கேள்விகளையெல்லாம் படித்தால் குழந்தைக்குத் தூக்கம் குறைவதாகத் தெரியவில்லை. அது தன் பங்கு பதினைந்து மணியை எடுத்துக்கொண்டுதான் இருக்கிறது. தூக்கம் இல்லாதவள் அம்மா. அப்படியிருக்க, எல்லாரும் குழந்தையை எப்படி மாற்றுவது என்றே கேட்கிறீர்கள். ஒன்றரை மாதக் குழந்தையை மாற்ற முடியாது, வீட்டை மாற்றலாம்.

எங்கள் ஒன் பி.எச்.கே.யில் செய்தது இது. ராத்திரி எட்டரைக்குப் பால் கொடுத்துவிட்டு மனைவி பெட்ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிடுவாள். குழந்தை ஹாலில் என்னோடு. அவன் எழுந்தால் முதலில் துணி, அப்புறம் தோளில் போட்டு நடை. நிஜமாகவே பசி என்று தெரிந்தபின்தான் கதவைத் தட்டுவேன். பெரும்பாலும் பதினொன்று ஆகிவிடும். குடித்து முடித்ததும் ஏப்பத்துக்கு என் தோள், அவள் திரும்பிப் படுத்துக்கொள்வாள். ஒரு மணிக்கு மேல் அவள் பொறுப்பு, நான் தூங்கப் போவேன், காலையில் எனக்கு 7.40 லோக்கல். விடிகாலை நாலரைக்கு எங்கள் சொசைட்டியில் தண்ணீர் வரும். எப்படியும் நான் எழுந்து டிரம்மை நிரப்ப வேண்டும், அந்த வேளைக்கான துணி மாற்றுவதும் என் கணக்கில் வந்துவிட்டது. சமையல் மேடை பக்கத்தில் ஒரு ரப்பர் ஷீட், அதன்மேல் பழைய வேட்டித் துண்டு, பக்கத்தில் மடித்த லங்கோட் அடுக்கு, ஒரு கிண்ணத்தில் வெதுவெதுப்பான தண்ணீர். டிரம் நிரம்பும் சத்தத்தில் பையன் அழுகையை மறந்து குழாயையே பார்ப்பான்.

மழைக்காலத்தில் லங்கோட் காயாது, அது தனி நரகம். ஃபேனுக்குக் கீழே கயிறு கட்டி, கடைசியில் இஸ்திரிப் பெட்டியால் காயவைத்தோம். ராத்திரிக்கு மட்டும் டயப்பர் போட்டால் குற்றமில்லை, மாமியார்கள் மன்னிக்க.

ஜூலை 19

"அப்படியானால் ராத்திரி முழுக்கப் புட்டியில் நீங்களே கொடுத்துவிடலாமே" என்று ஒருவர். பால் சுரக்கவைக்கும் ப்ரோலாக்டின் ராத்திரியில்தான் அதிகம். முதல் வாரங்களில் ராத்திரிப் பாலை அடியோடு நிறுத்தினால் சுரப்பு குறையும், மார்பும் கட்டிக்கொண்டு வலிக்கும். குழந்தை மார்பில் நன்றாகக் குடிக்கப் பழகி மூணு நாலு வாரம் ஆனபின் ஒரு வேளைப் பாலைக் கறந்து வைத்து அப்பா கொடுக்கலாம். நாங்கள் ஒரு வேளையோடு நிறுத்திக்கொண்டோம். புட்டி கழுவிக் கொதிக்கவைப்பது யார் என்ற சண்டை அதற்கு மேல் தாங்காது.

டாக்டர் பார்த்து டப்பா பால் எழுதிக்கொடுத்திருந்தால் கொடுங்கள், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. அது செரிக்கக் கொஞ்சம் நேரம் கூடுதல் ஆகும், அவ்வளவுதான். விடியும்வரை தூங்குவான் என்று எதிர்பார்க்காதீர்கள்.

ஜூலை 21

தூளி பற்றிச் சூடாகப் பேசியிருக்கிறீர்கள். நானும் தூளியில் வளர்ந்தவன்தான். எங்கள் ஹாலில் வீட்டுக்காரர் போட்டுவைத்த கொக்கி இருந்தது, அம்மா வந்ததும் முதல் வேலையாகத் தன் பழைய சுங்குடிச் சேலையைக் கட்டினாள். மராத்திக்காரர்களுக்கும் ஜோளி உண்டு, பக்கத்து வீட்டு மாவ்ஷி முடிச்சை இழுத்துப் பார்த்துச் சரிசெய்துகொடுத்தார்.

பகலில், ஒரு ஆள் பக்கத்தில் கண் வைத்திருக்கும்போது ஆட்டினோம். எல்லோரும் தூங்கும் ராத்திரியில் அதில் விடவில்லை. சேலை வளையும்போது குழந்தையின் முதுகும் வளையும், மோவாய் நெஞ்சில் முட்டும், அந்த வயசில் கழுத்தைத் தானாக நிமிர்த்தத் தெம்பு கிடையாது, மூச்சுக்குழாய் மடங்கும். ராத்திரிக்குச் சமமான, அமுங்காத இடம். மல்லாக்கப் படுக்கவைப்பது. தலையணை, மெத்தென்ற பொம்மை, கனத்த போர்வை எதுவும் வேண்டாம். அதே அறையில், கைக்கெட்டும் தூரத்தில்.

மல்லாக்கப் போட்டால் பால் கக்கி மூச்சடைக்கும் என்று என் மாமியார் பயந்தார். அமெரிக்காவிலும் ஒரு காலத்தில் டாக்டர்களே குப்புறப் போடச் சொன்னவர்கள்தான். 1994-ல் எல்லாரும் மல்லாக்கப் போடுங்கள் என்று பிரசாரம் தொடங்கினார்கள், தூக்கத்திலேயே காரணம் தெரியாமல் குழந்தைகள் இறப்பது பாதிக்கும் கீழே வந்தது. மாமியாரிடம் இதைச் சொன்னேன். "நம்ம ஊர்ல எப்பவும் மல்லாக்கத்தானே போடுவோம்" என்றார். அப்புறம் எதற்குப் பயந்தார் என்று கேட்கவில்லை.

கடுகுத் தலையணை: தலை உருண்டையாக வரும் என்று எல்லா வீட்டிலும் ஒன்று வந்து சேரும். தலை தட்டையானால் பகலில் விழித்திருக்கும்போது கொஞ்ச நேரம் குப்புறப் போடுங்கள், கழுத்துக்கும் பலம். எங்களுக்கு வந்த தலையணை ஹார்மோனியத்துக்கு அடியில் இருக்கிறது.

ஜூலை 21, மனைவி சொல்லச் சொன்னது

படுத்துக்கொண்டே பால் கொடுக்கும்போது தூங்கிவிட்டால் என்ன என்று பலர் கேட்கத் தயங்குவார்களாம். தூங்கத்தான் செய்வோம். சோபாவில், சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தபடி குழந்தையோடு தூங்கிவிடுவதுதான் எல்லாவற்றிலும் ஆபத்து. கண் சொருகும் என்று தெரிந்தால் அங்கே உட்காராதீர்கள், தரையில் விரித்த சமமான படுக்கை மேல். பீடி சிகரெட், குடி, தூக்க மாத்திரை இருக்கும் வீட்டில் குழந்தை தனிப் படுக்கையில்தான்.

ஜூலை 29

டோம்பிவிலித் தங்கச்சி: "ஆறு வாரம். சாயங்காலம் விளக்கு வைத்ததும் ஆரம்பித்தால் ஒன்பது வரை அழுகிறாள், பால் கொடுத்தாலும் நிற்கவில்லை. உரம் விழுந்திருக்கும் என்று ஒரு பாட்டியிடம் கூட்டிப்போகச் சொல்கிறார்கள்."

போகாதீர்கள். சேலையில் போட்டு உருட்டுவது, தலைகீழாகத் தூக்கி உதறுவது எல்லாம் பார்த்திருக்கிறேன். அந்த வயசுக் கழுத்துக்கும் மூளைக்கும் அது ஆகாது.

பிராசல்டன் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர் 80 குழந்தைகளின் அம்மாக்களைத் தினம் எழுதிவைக்கச் சொல்லி 1962-ல் வெளியிட்ட கணக்கு இருக்கிறது. நல்ல ஆரோக்கியமான குழந்தைகள். ஆறாவது வாரத்தில் ஒரு நாளைக்குச் சுமார் 2¾ மணி நேரம் அழுதிருக்கிறார்கள், பெரும்பகுதி சாயங்காலம். அதற்கப்புறம் குறைந்துகொண்டே வந்தது. உங்கள் மகள் சரியான தேதிக்கு வந்திருக்கிறாள்.

தோளில் போட்டு நடங்கள், குளிப்பாட்டிப் பாருங்கள், ஃபேனை வேகமாக வைத்து அந்த இரைச்சலில் படுக்கவையுங்கள். எதற்கும் அடங்காமல் உங்களுக்குக் கை நடுங்கும் அளவு கோபம் வந்தால், குழந்தையை மல்லாக்கப் போட்டுவிட்டு பால்கனிக்குப் போய்ப் பத்து நிமிஷம் நில்லுங்கள். அழட்டும், ஒன்றும் ஆகாது. குலுக்கினால்தான் ஆகும். நான் நின்றிருக்கிறேன். கீழே வாட்ச்மேன் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "ரோ ரஹா ஹை?" (அழுகிறானா?) என்று கேட்டார், ஏதோ நான் கவனிக்கவில்லை என்பதுபோல.

ஆகஸ்ட் 4

கிரைப் வாட்டர், வசம்பு, உரை மருந்து, தேன், சீனித் தண்ணீர், மும்பைக்காரர்கள் "குட்டி" என்று கொடுக்கும் மூலிகை மருந்து, இதெல்லாம் கொடுக்கலாமா என்று கேட்கிறீர்கள். மொத்தமாக ஒரே பதில்: வேண்டாம். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூட வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்வது. டாக்டர் கொடுக்கும் வைட்டமின் டி சொட்டு, மருந்து, இவை மட்டும் விலக்கு. தேன் ஒரு வயசுவரை நாக்கில் தடவக்கூட வேண்டாம், பொட்டுலிசம் என்ற நோயைத் தரும் கிருமி அதில் இருக்கலாம். வசம்பைக் கயிற்றில் கோத்துக் கையில் கட்டுவதோடு நிறுத்திக்கொள்ளலாம், அதையும் குழந்தை வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சாம்பிராணிப் புகை மூச்சுக்கு ஆகாது. கூந்தல் காயவைக்க ஃபேன் போதும்.

புட்டியில் அரிசி மாவுக் கஞ்சி கலந்தால் ராத்திரி தூங்கும் என்று ஒருவர். அமெரிக்காவில் இதையே சோதித்து 1989-ல் வெளியிட்டார்கள். கலந்தாலும் கலக்காவிட்டாலும் தூக்கம் ஒன்றுதான்.

டப்பா பாலுக்கு டிவியில் விளம்பரம் வருவதில்லையே, கவனித்திருக்கிறீர்களா? 1992-ல் சட்டம் போட்டுத் தடுத்தார்கள், 2003-ல் இன்னும் இறுக்கினார்கள். கம்பெனிக்காரன் வாயை அடைத்துவிட்டோம். எதிர் ஃப்ளாட் ஆன்ட்டிக்குச் சட்டம் இல்லை.

ஆகஸ்ட் 5

பேச்சோடு பேச்சாக ஒன்று. குறைமாதத்தில் பிறந்து அம்மாவுக்குப் பால் வராத குழந்தைகளுக்கு, வேறு தாய்மார் கொடுத்த பாலைப் பதப்படுத்திக் கொடுக்கும் தாய்ப்பால் வங்கி நம் சயான் ஆஸ்பத்திரியில் இருக்கிறது. 1989-ல் டாக்டர் அர்மிதா பெர்னாண்டஸ் தொடங்கியது, ஆசியாவிலேயே முதல். தாராவித் தமிழ்த் தாய்மார் காலங்காலமாகப் போகும் ஆஸ்பத்திரி. பால் மிஞ்சிக் கஷ்டப்படுகிறவர்கள் பக்கத்தில் வங்கி இருந்தால் விசாரியுங்கள்.

செப்டம்பர் 20

கணபதி விசர்ஜன் ஊர்வலம் முழுக்க, டோல் தாஷா வாசலில் அதிர அதிர, எங்கள் மாடியில் ஒரு இரண்டு மாதக் குழந்தை அசையாமல் தூங்கியது. அன்றைக்கு ராத்திரி ஒரு மணிக்கு, தெருவில் ஈ காக்கை இல்லாதபோது எழுந்து கச்சேரி.

இதைச் சிரிக்க எழுதினேன், கீழே வந்த ஒரு பதில் சிரிப்பாக இல்லை. குழந்தை தூங்கும்போதும் தனக்குத் தூக்கம் வரவில்லை, எதற்கென்று தெரியாமல் அழுகை வருகிறது, குழந்தையைப் பார்த்தால் பயமாக இருக்கிறது என்கிறார். முதல் வாரத்தில் இப்படி இருந்து தானாகத் தெளிவது ஒன்று. இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு, வைத்தியம் உண்டு. "எல்லாப் பொம்பளைங்களும் பெத்தவங்கதான்" என்று சொல்பவர்களைக் கேட்காதீர்கள். பிரசவம் பார்த்த டாக்டரிடம் சொல்லுங்கள். டெலி மானஸ் என்ற அரசாங்க எண் 14416, எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம். குழந்தையையோ தன்னையோ ஏதாவது செய்துகொள்ளத் தோன்றினால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். கணவருக்கும் இதைக் காட்டுங்கள்.

அக்டோபர் 3

டோம்பிவிலியிலிருந்து சேதி: மூணரை மாதம், பன்னிரண்டிலிருந்து ஐந்துவரை தூங்குகிறாளாம். "ராத்திரி முழுக்கத் தூங்க ஆரம்பித்துவிட்டாள், இனிமேல் கவலை இல்லையா?"

1957-ல் லண்டனில் மூர், உக்கோ என்ற இருவர் கணக்கெடுத்தபோது "ராத்திரி தூங்கும் குழந்தை" என்று அவர்கள் வைத்துக்கொண்டதே நள்ளிரவு முதல் ஐந்து மணிவரைதான். மூணு மாதத்தில் 70 சதவீதம் அந்த நிலைக்கு வந்தன. சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள் அடுத்த வரி: அவற்றில் பாதிபோல மறுபடி எழ ஆரம்பித்தன. 2018-ல் கனடாவில் பார்த்ததில் ஆறு மாதத்திலும் 38 சதவீதம் சேர்ந்தாற்போல் ஆறு மணி நேரம் தூங்கவில்லை, ஒரு வயசிலும் 28 சதவீதம். அந்தக் குழந்தைகளின் வளர்ச்சியில் குறையொன்றும் காணவில்லை. ஆகவே ஐந்து மணி நேரத்தை அனுபவியுங்கள், ஆன்ட்டியிடம் பெருமை பேசாதீர்கள்.

அக்டோபர் 4

வேலைக்குத் திரும்பும்போது கறந்த பாலை எவ்வளவு நேரம் வைக்கலாம்: 25 டிகிரிக்குள் நாலு மணி நேரம், ஃப்ரிட்ஜில் நாலு நாள். மும்பை அக்டோபர் வெக்கையில் வெளியே வைப்பதை மறந்துவிடுங்கள். ஃப்ரிட்ஜின் உள்தட்டில், கதவில் வைக்காமல். சூடாக்குவது வெந்நீர்க் கிண்ணத்தில் நிறுத்தி, அடுப்பிலோ மைக்ரோவேவிலோ இல்லை. 26 வாரச் சம்பள லீவு 2017 முதல் சட்டம், ஏற்கெனவே இரண்டு குழந்தைகள் இல்லாதவர்களுக்கு. பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த இடத்துக்கும் பொருந்தும், எச்.ஆர். ஆள் தலையைச் சொறிந்தால் சட்டம் இருக்கிறது என்று சொல்லிக் கேளுங்கள். அப்பாக்களுக்கு மத்திய அரசு வேலையில் 15 நாள், தனியாரில் முதலாளி மனசு. நான் எனக்குக் கிடைத்ததைப் பிரசவத்தன்றே எடுக்காமல், மாமியார் ஊருக்குக் கிளம்பிய நாளிலிருந்து எடுத்தேன். உங்கள் வீட்டில் எப்போது ஆள் குறைகிறது என்று பார்த்து எடுங்கள்.